ஸ்னோ ஒயிட்டின் ‘அசல்’ கதை எது? நாட்டார் கதைகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

அக்கா மகளுக்கு ஏழு வயது. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போனது, திரும்பி வருகிற வழியாகத் தெரியவில்லை. கதை சொல்லு என்று மடியில் வந்து படுத்துக்கொண்டாள். ஸ்னோ ஒயிட் கதையை ஆரம்பித்தேன். “பாப்பா பொறந்ததும் அம்மா செத்துப்போயிட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு ராஜா வேற கல்யாணம் பண்ணிக்கிட்டார். புதுசா வந்த சித்தி ரொம்ப அழகு, ஆனா…” அதற்குள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “சித்தின்னா? உன்ன மாதிரியா?”

தமிழில் இது ஒரு சங்கடம்தான். அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பா இரண்டாவதாகக் கட்டிக்கொண்டு வருபவரும் சித்தி. முதல் சித்தி முறுக்கு வாங்கி வருவாள். இரண்டாவது சித்தி, கதைகளில், விஷ ஆப்பிள் கொண்டு வருவாள். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்த ராணி ஏன் சிற்றன்னையாகத்தான் இருக்க வேண்டும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

தேடிப் பார்த்தால் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் ‘ஸ்னோ ஒயிட்டின் அசல் கதை’ என்று ஏகப்பட்டது கிடைக்கிறது. ஒருவர் அசல் கதையில் கெட்டவள் பெற்ற தாய்தான் என்கிறார். இன்னொருவர் ஸ்னோ ஒயிட் நிஜமாகவே வாழ்ந்த ஜெர்மன் இளவரசி என்கிறார். மூன்றாமவர் கிரிம் சகோதரர்கள் எழுதிய கொடூரமான கதையை டிஸ்னி இனிப்பாக மாற்றிவிட்டது என்கிறார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே சொல்லில் சறுக்குகிறார்கள். ‘அசல்’ என்ற சொல்தான் அது. அதைச் சரியாகப் புரிந்துகொண்டால் ஸ்னோ ஒயிட் மட்டுமல்ல, பாட்டி சொன்ன எந்தக் கதையும் வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

முதலில் காக்கா வடை

காக்கா வடை கதையை எடுத்துக்கொள்வோம். பாட்டி வடை சுட்டாள். காக்கா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் மரத்தில் உட்கார்ந்தது. நரி வந்து, உன் குரல் எவ்வளவு இனிமை, ஒரு பாட்டுப் பாடேன் என்றது. காக்கா வாயைத் திறந்தது, வடை விழுந்தது. எங்கள் வீட்டில் இதுதான் கதை. என் பள்ளித் தோழி வீட்டிலோ காக்கா புத்திசாலி. வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டுதான் பாடும். நரி ஏமாந்து போகும். யார் கதை சரி என்று நாங்கள் சண்டையே போட்டிருக்கிறோம்.

இந்தக் கதை கிரேக்க நாட்டு ஈசாப் கதைகளிலும் இருக்கிறது. அங்கே பாட்டியும் இல்லை, வடையும் இல்லை. காக்கையின் வாயில் இருப்பது பாலாடைக்கட்டி. நம் வடைக் கதையைவிட எழுத்தில் பழையது அது. அதனால் பாலாடைக்கட்டிதான் அசல், வடை போலி என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்வோமா? மாட்டோம். வடை வந்ததால் கதை கெட்டுப்போகவில்லை. கேட்கிற குழந்தைக்கு வாயில் எச்சில் ஊற வேண்டும். அதற்கு இந்த ஊரில் என்ன வேண்டுமோ அது கதைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

பழையதாக எழுதப்பட்டது என்பது ஒன்று, அசல் என்பது வேறொன்று. ஒரு கதையை யாரோ முதலில் எழுதி வைத்தார்கள் என்றால், அவருக்கு முன்னால் அதை யாரும் சொல்லவில்லை என்று அர்த்தம் ஆகாது. எழுதியவர் காதிலும் அதை யாரோ போட்டிருப்பார்கள்.

மூன்று சொற்கள் போதும்

நாட்டார் வழக்காற்றியல் என்பது மக்கள் வாய்வழியாகக் காப்பாற்றி வரும் கதை, பாட்டு, பழமொழி, சடங்கு எல்லாவற்றையும் ஆராயும் துறை. அதில் சொற்கள் நிறைய உண்டு. நமக்கு மூன்று போதும்.

முதலாவது, *வடிவம்*. ஒருவர் ஒரு முறை சொன்னது அல்லது எழுதியது ஒரு வடிவம். எங்கள் வீட்டுக் காக்கா கதை ஒரு வடிவம், தோழி வீட்டுக் கதை இன்னொரு வடிவம்.

இரண்டாவது, *கதைவகை*. ஒரே மாதிரியான சம்பவங்கள் ஒரே வரிசையில் வருகிற வடிவங்களையெல்லாம் சேர்த்தால் கிடைக்கும் குடும்பம் அது. ஃபின்லாந்தைச் சேர்ந்த ஆன்டி ஆர்னே 1910-ல் இப்படிக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து எண் கொடுத்து ஒரு பட்டியல் போட்டார். அமெரிக்காவின் ஸ்டித் தாம்ப்ஸன் அதை விரிவாக்கினார். ஜெர்மனியின் ஹான்ஸ்-யோர்க் ஊதர் 2004-ல் திருத்தி வெளியிட்டார். அந்தப் பட்டியலில் நம் காக்கா கதைக்கு எண் 57, ஸ்னோ ஒயிட்டுக்கு 709, தூங்கும் அழகிக்கு 410. ரேஷன் கார்டு எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். கார்டு ஒன்று, அதில் பெயர்கள் பல.

மூன்றாவது, *கதைக்கூறு*. நினைவில் அப்படியே ஒட்டிக்கொள்கிற, ஒரு கதையிலிருந்து கழன்று இன்னொரு கதைக்குப் போகக்கூடிய சின்னத் துண்டு. பேசும் கண்ணாடி ஒரு கதைக்கூறு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் பெண் இன்னொன்று. பழைய வீட்டை இடிக்கும்போது தேக்குக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்ப் புது வீட்டு வாசலில் மாட்டுவார்கள் இல்லையா, அது போல. கதவு அதேதான், வீடு வேறு.

ஆக, காது கேட்பது எப்போதும் ஒரு வடிவத்தைத்தான். கதைவகை என்பது பல வடிவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் கண்டுபிடித்த ஒற்றுமை. அதை யாரும் எந்தத் திண்ணையிலும் உட்கார்ந்து சொன்னதில்லை.

709-ன் எலும்புக்கூடு

ஸ்னோ ஒயிட் குடும்பத்தின் வடிவங்களை உரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது இவ்வளவுதான். ஒரு இளம்பெண்ணின் அழகைக் கண்டு அவளுடைய உறவுக்காரி பொறாமைப்படுகிறாள். யார் அழகு என்று சொல்ல ஒரு சாட்சி இருக்கிறது. பெண்ணைக் கொல்ல ஏற்பாடு நடக்கிறது, யாரோ மனமிரங்கி அவளைத் தப்பவிடுகிறார்கள். அவள் அந்நியர் வீட்டில் அடைக்கலம் புகுகிறாள். சாட்சி உண்மையைப் போட்டு உடைத்துவிடுகிறது. விஷம் தேடி வருகிறது. செத்தவள் போலக் கிடக்கிறாள். உடம்பில் தங்கிய பொருளை யாரோ எடுக்க, கண் விழிக்கிறாள்.

இந்த எலும்புக்கூட்டில் சில காலி இடங்கள் இருக்கின்றன. பொறாமைக்காரி யார்? சாட்சி எது? அடைக்கலம் கொடுத்தவர்கள் யார்? விஷம் எதில் வந்தது? ஒவ்வொரு ஊரும் அந்த இடங்களைத் தன்னிடம் இருக்கும் சரக்கால் நிரப்பிக்கொள்கிறது.

எனக்கு மிகப் பிடித்தது ஸ்காட்லாந்தில் சொல்லப்பட்ட வடிவம். 1892-ல் வந்த ஒரு கெல்டியக் கதைத் தொகுப்பில் அது இருக்கிறது. ராணியின் பெயர் வெள்ளிமரம், மகளின் பெயர் பொன்மரம். பெற்ற மகள்தான். அங்கே கண்ணாடி கிடையாது. மலைப்பள்ளத்தில் ஒரு கிணறு, கிணற்றில் ஒரு ட்ரௌட் மீன். உலகத்திலேயே அழகான ராணி நான்தானே என்று வெள்ளிமரம் அந்த மீனிடம் கேட்கிறாள். இல்லை, உன் மகள் பொன்மரம் என்கிறது மீன். வெள்ளிமரம் வீட்டுக்கு வந்து படுத்துவிடுகிறாள். மகளின் இதயத்தையும் ஈரலையும் தின்றால்தான் எழுவேன் என்கிறாள். ராஜா ஒரு வெள்ளாட்டுக் கிடாவின் இதயத்தையும் ஈரலையும் அனுப்பிவிட்டு, மகளை வெளிநாட்டு இளவரசன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்து ரகசியமாக அனுப்பிவிடுகிறார்.

ஒரு வருஷம் கழித்து மீன் மறுபடி உண்மையைச் சொல்லிவிடுகிறது. வெள்ளிமரம் கப்பலேறுகிறாள். அம்மா வருவது தெரிந்து பயந்த பொன்மரத்தை வேலைக்காரர்கள் ஓர் அறைக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். வெளியே நின்று அம்மா கெஞ்சுகிறாள்: கதவைத் திறக்க வேண்டாம், சாவித் துவாரம் வழியாகச் சுண்டுவிரலை மட்டும் நீட்டு, ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறேன். பெண் விரலை நீட்டுகிறாள். விஷம் தோய்த்த முள் அந்த விரலில் இறங்குகிறது.

முள்ளை எடுத்து அவளை எழுப்புவது யார் தெரியுமா? இளவரசன் இல்லை. அவன் பொன்மரத்தின் உடலை ஓர் அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, பிறகு இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான். அந்த இரண்டாம் மனைவிதான் ஒருநாள் சாவி கிடைத்து, அறைக்குள் போய், விரலைப் பார்த்து, முள்ளைப் பிடுங்குகிறாள். நான் போய்விடுகிறேன் என்கிற இரண்டாம் மனைவியைப் போக விடாமல் மூவரும் ஒன்றாகவே வாழ்கிறார்கள். வெள்ளிமரம் மறுபடி விஷ பானத்தோடு வரும்போது, கொடுப்பவர் முதலில் குடிப்பதுதான் எங்கள் வழக்கம் என்று சொல்லி அவள் வாயிலேயே அதை இறங்க வைப்பவளும் இந்த இரண்டாம் மனைவிதான். குள்ளர்கள் கிடையாது, ஆப்பிள் கிடையாது, சிற்றன்னையும் கிடையாது. ஆனால் எலும்புக்கூடு அதேதான்.

மற்றவற்றை வேகமாகப் பார்த்துவிடலாம். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் 1833-ல் பாட்டாக எழுதிய வடிவத்தில் குள்ளர்களுக்குப் பதில் காட்டில் வாழும் ஏழு வீரர்கள். காணாமல் போனவளைத் தேடும் இளவரசன் சூரியனிடமும் நிலவிடமும் காற்றிடமும் விசாரித்துக்கொண்டு போகிறான். அல்பேனியக் கதையில் அடைக்கலம் தருபவை நாற்பது டிராகன்கள். கிரேக்கக் கதை ஒன்றில் பொறாமைப்படுபவர்கள் அக்காமார், சாட்சி சூரியன், அடைக்கலம் கொடுப்பது பன்னிரண்டு மாதங்கள். இத்தாலியில் ஒரு வடிவத்தில் சத்திரம் நடத்தும் தாய், தங்க வருகிறவர்களிடமெல்லாம் என்னைவிட அழகியைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். சத்திரக்காரிக்கு வழிப்போக்கர்களைவிட நல்ல கண்ணாடி எது?

சுருக்கமாக: காலி இடங்கள் நிலையானவை, அவற்றை நிரப்புபவை மாறும். சிற்றன்னை என்பவள் ‘பொறாமைக்காரி’ என்ற இடத்தை நிரப்பியவர்களில் ஒருத்தி. அதே இடத்தில் பெற்ற தாயும் அக்காமாரும் இருந்திருக்கிறார்கள்.

வாயில் இருக்கும் வரை கதை எப்படி மாறுகிறது

கதை சொல்லிகள் கதையை மனப்பாடம் செய்வதில்லை. ரசம் வைக்கத் தெரிந்தவரிடம் அளவு கேட்டுப் பாருங்கள், சொல்லத் தெரியாது. எது முதலில், எது அடுத்து, எந்த வாசனை வந்ததும் இறக்க வேண்டும் என்பது தெரியும். கதையும் அப்படித்தான் தலைக்குள் இருக்கிறது. எலும்புக்கூடு நினைவில் இருக்கும், சதையை ஒவ்வொரு முறையும் புதிதாக வைப்பார்கள்.

இதில் கேட்பவர்களுக்கும் பங்கு உண்டு. இதைப் பலரும் யோசிப்பதில்லை. கேட்பவர்கள் முகம் சுளித்த இடம் அடுத்த முறை சுருங்கும், வாய் பிளந்த இடம் நீளும். ஊர் ஏற்றுக்கொள்ளாத பகுதி இரண்டு தலைமுறையில் தானாக உதிர்ந்துவிடும். என் வீட்டிலேயே இது நடந்தது. மறுநாள் கதையைத் தொடர்ந்தபோது ‘சித்தி’ என்ற சொல் என் வாயில் வரவில்லை, ‘புது ராணி’ என்றுதான் சொன்னேன். ஏழு வயதுக் குழந்தை கேட்ட ஒரு கேள்வியில் 709-க்கு இன்னொரு வடிவம் சேர்ந்துவிட்டது.

இப்படி மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றுக்குப் பின்னோக்கிப் போய் ‘முதல்’ ஒன்றைத் தொட முடியாது. நமக்குக் கிடைப்பது யாரோ ஒரு நாள் தாளில் பிடித்து வைத்த வடிவங்கள்தான். அப்படிப் பிடித்து வைத்தவர்களில் பெரும் புகழ் பெற்றவர்கள் கிரிம் சகோதரர்கள்.

காஸெல் நகரத்து இரண்டு அண்ணன் தம்பி

யாகோப் கிரிம் பிறந்தது 1785-ல், தம்பி வில்ஹெல்ம் 1786-ல். ஜெர்மனியின் ஹெஸன் பகுதியில் காஸெல் நகரத்தில் வாழ்ந்தார்கள். அப்போது நெப்போலியனின் தம்பி ஜெரோம் அங்கே அரசன். யாகோப் அவனுடைய நூலகராக வேலை பார்த்தார். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் தங்கள் மக்களின் பேச்சும் கதையும் காணாமல் போய்விடும் என்ற பதைப்பு அந்தத் தலைமுறைக்கு இருந்தது.

அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாக அலைந்து குடியானவர்களிடம் கதை கேட்டார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியல்ல. கதை சொன்னவர்களில் பலர் அவர்கள் வீட்டுக்கு வந்து போன, படித்த நடுத்தரக் குடும்பத்து இளம்பெண்கள். ஸ்னோ ஒயிட் கதை ஹாஸன்ஃப்ளுக் என்ற குடும்பத்துப் பெண்களிடமிருந்து வந்தது என்பது ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. அந்தக் குடும்பத்துக்குத் தாய்வழியில் பிரெஞ்சு வேர் உண்டு. ஜெர்மன் மண்ணின் சுத்தமான கதை என்று கொண்டாடப்பட்ட தொகுப்புக்குள் பிரெஞ்சுப் பாட்டிகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

இனி முக்கியமான விஷயம். கிரிம் சகோதரர்களின் ஸ்னோ ஒயிட்டே ஒன்றல்ல.

1810-ல் தாங்கள் சேர்த்த கதைகளின் கையெழுத்துப் பிரதியைக் கவிஞர் நண்பர் பிரென்டானோவுக்கு அனுப்பினார்கள். அவர் அதைப் பயன்படுத்தவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. தங்களிடம் இருந்த குறிப்புகளைப் புத்தகம் வந்த பிறகு சகோதரர்கள் அழித்துவிட்டார்கள். நண்பரிடம் தங்கிப்போன அந்தக் கட்டு அல்சாஸ் பகுதியில் ஒரு மடத்துக்குப் போய்ச் சேர்ந்தது, 20-ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. அவர் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்திருந்தால் இன்று நமக்கு அது கிடைத்திருக்காது.

அந்த 1810 வடிவத்தில் ராணி பெற்ற தாய். வேட்டைக்காரன் இல்லை. அம்மாவே மகளை வண்டியில் ஏற்றிக் காட்டுக்குக் கூட்டிப் போகிறாள். அதோ அந்த சிவப்பு ரோஜாக்களைப் பறித்துக்கொண்டு வா என்று இறக்கிவிடுகிறாள். மகள் இறங்கியதும் வண்டி போய்விடுகிறது. முடிவில் அவளைக் கண்டெடுப்பதும் இளவரசன் இல்லை, ஊர் திரும்பும் அப்பா. கூட வந்த மருத்துவர்கள் அறையின் நாலு மூலையிலும் கயிறு கட்டி அவளை உயிர்ப்பிக்கிறார்கள்.

1812-ல் முதல் பதிப்பின் முதல் பாகம் வெளியானது. அதில் வேட்டைக்காரன் வந்துவிடுகிறான். பெண்ணைக் கொல்லாமல் விட்டுவிட்டு அவன் கொண்டு வருவது காட்டுப்பன்றிக் குட்டியின் நுரையீரலும் ஈரலும். ராணி அதை உப்புப் போட்டு வேகவைத்துத் தின்கிறாள். ஆனால் ராணி இன்னும் பெற்ற தாய்தான். கதையின் தொடக்கத்தை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பனி கொட்டுகிறது. கருங்காலிச் சட்டம் போட்ட ஜன்னலோரம் ராணி உட்கார்ந்து தைக்கிறாள். ஊசி விரலில் குத்தி மூன்று சொட்டு ரத்தம் பனியில் விழுகிறது. பனி போல வெண்மை, ரத்தம் போலச் சிவப்பு, இந்த மரம் போலக் கறுப்பு என ஒரு குழந்தை எனக்கு வேண்டும் என்று ஏங்குகிறாள். 1812 வடிவத்தில் அப்படி ஏங்கிப் பெற்றவள்தான், அந்தக் குழந்தைக்கு ஏழு வயதானதும், அவள் ஈரலைக் கொண்டு வா என்று ஆளனுப்புகிறாள். வேண்டிப் பெற்ற அழகையே பொறுக்க முடியாத தாய் அவள்.

1819-ல் இரண்டாம் பதிப்பு. அதில்தான் அந்த வரி நுழைகிறது: குழந்தை பிறந்ததும் ராணி இறந்துபோனாள், ஒரு வருஷம் கழித்து ராஜா வேறொருத்தியை மணந்தார். ஏங்கிய பெண்ணும் பொறாமைப்பட்ட பெண்ணும் இரண்டு பேராகப் பிரிக்கப்பட்டார்கள். நல்லவளைக் கல்லறைக்கு அனுப்பினார்கள், கெட்டவளுக்குச் சிற்றன்னை என்று பெயர் வைத்தார்கள். நமக்குத் தெரிந்த சித்தி பிறந்தது இங்கேதான்.

ஏன் மாற்றினார்கள்? முதல் பதிப்பு ஆய்வுக் குறிப்புகளோடு வந்த புத்தகம். ஆனால் தலைப்பிலேயே ‘குழந்தைகள்’ என்ற சொல் இருந்ததால் பெற்றோர்கள் வாங்கினார்கள், இதெல்லாம் குழந்தைகள் படிக்கிற விஷயமா என்ற முணுமுணுப்பு வந்தது. பிற்காலப் பதிப்புகளை வில்ஹெல்ம்தான் பெரும்பாலும் செப்பனிட்டார். தாய் என்பவள் புனிதமானவள், அவளைக் கொலைகாரியாகக் குழந்தைகள் முன் நிறுத்தக் கூடாது என்ற நடுத்தர வர்க்கத்து எண்ணம்தான் காரணம் என்று ஆய்வாளர்கள் பலரும் சொல்கிறார்கள். பிரசவத்தில் தாய்மார்கள் நிறையப் பேர் இறந்துபோன காலம் அது. சிற்றன்னை இருக்கும் வீடு அபூர்வமாக இருக்கவில்லை, அதனால் மாற்றம் துருத்திக்கொண்டும் தெரியவில்லை. ஹான்ஸல் கிரெட்டல் கதையில் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வரச் சொல்லும் தாயும் 1840 பதிப்பில் இதே போலச் சிற்றன்னையாக்கப்பட்டாள்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஒரு தாயின் மானத்தைக் காப்பாற்றக் கதைக்குள்ளேயே இன்னொரு பெண்ணைப் பலி கொடுத்துவிட்டார்கள். ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று நம் செய்தித்தாள்கள் இன்றைக்கும் சர்வ சாதாரணமாக எழுதுகின்றன. அந்தச் சொல் கிரிம் கதையிலிருந்து வந்ததல்ல, நம்மிடமும் அப்படிப்பட்ட கதைகள் ஏராளம். ஆனால் இரண்டாம் தாரமாக வந்து, இன்னொருத்தி பெற்ற பிள்ளைக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பும் பெண்கள் அதைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன்.

திரும்பிப் பார்த்தால்: கிரிம் சகோதரர்கள் கதையைக் கற்பனையில் உண்டாக்கவில்லை, கேட்டதை அப்படியே எழுதியும் வைக்கவில்லை. கேட்டார்கள், தேர்ந்தெடுத்தார்கள், பதிப்புக்குப் பதிப்பு திருத்தினார்கள். அந்த வேலை 1857-ல் வந்த ஏழாம் பதிப்பு வரை நடந்தது. உலகம் முழுக்க மொழிபெயர்க்கப்படுவது பெரும்பாலும் அந்த 1857 வடிவம்தான்.

முத்தம் எங்கிருந்து வந்தது

கிரிம் பதிப்புகளில் முத்தம் கிடையாது. 1812-ல் இளவரசன் கண்ணாடிப் பெட்டியைத் தன் அரண்மனைக்குக் கொண்டுபோய்விடுகிறான். அவன் போகிற இடமெல்லாம் அதைத் தூக்கிக்கொண்டே திரிய வேண்டிய வேலைக்காரர்களில் ஒருவன், செத்தவள் ஒருத்திக்காக இவ்வளவு பாடா என்று எரிச்சலாகி, பெட்டியைத் திறந்து அவள் முதுகில் அடிக்கிறான். தொண்டையில் சிக்கியிருந்த ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. 1819-ல் இதையும் மென்மையாக்கினார்கள். பெட்டியைத் தூக்கி வருபவர்கள் ஒரு புதரில் தடுக்க, அந்த அதிர்ச்சியில் துண்டு வெளியே வருகிறது.

முத்தத்தை உலகத்துக்கெல்லாம் பழக்கியது டிஸ்னியின் படம். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் அது முதன்முதலில் திரையிடப்பட்டது. முத்தத்தால் விழிப்பது தூங்கும் அழகியின் கதைக்கூறு, 410-ன் வீட்டுக் கதவு. அதைக் கழற்றி 709-ல் மாட்டினார்கள். கிரிம் கதையில் ராணி மூன்று முறை, முதலில் இறுக்கும் நாடாவோடு, பிறகு விஷச் சீப்போடு, கடைசியில் ஆப்பிளோடு வருவாள். படத்தில் ஆப்பிள் மட்டும் மிஞ்சியது. கிரிம் கதையில் குள்ளர்களுக்குப் பெயர்களே இல்லை, படத்தில் ஆளுக்கொரு பெயரும் குணமும் வந்தன.

அதனால் டிஸ்னிதான் கதையைக் கெடுத்தது என்று சொல்ல வேண்டாம். வில்ஹெல்ம் 1819-ல் செய்த வேலையையே 1937-ல் இன்னொருவர் செய்தார். ஒன்று மட்டும் வியப்பாக இருக்கிறது. தாயைக் காப்பாற்ற அவ்வளவு மெனக்கெட்ட கிரிம் சகோதரர்கள், ராணியின் தண்டனையைத் தொடவே இல்லை. பழுக்கக் காய்ச்சிய இரும்புச் செருப்பை மாட்டிக்கொண்டு, சாகும்வரை கல்யாண வீட்டில் அவள் ஆட வேண்டும். 1857 வரை அது அப்படியே இருந்தது. கெட்டவர்களுக்குக் கிடைக்கும் தண்டனைகூடக் கொடூரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணம் பிற்காலத்தது.

நிஜ ஸ்னோ ஒயிட் இருந்தாளா

இரண்டு பெயர்கள் அடிக்கடி அடிபடுகின்றன. ஒருவர் 16-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வால்டெக் பிரபுக் குடும்பத்து மார்கரெட்டா. 1554-ல் இளம் வயதிலேயே பிரஸ்ஸல்ஸில் இறந்தவர், விஷம் வைத்ததாகப் பேச்சு உண்டு. ஆனால் அவருடைய சிற்றன்னை அதற்கு முன்பே இறந்துவிட்டார். இன்னொருவர் 18-ஆம் நூற்றாண்டில் லோர் என்ற ஊரில் வாழ்ந்த மரியா சோஃபியா ஃபோன் எர்த்தால். அவருக்கும் சிற்றன்னை உண்டு. கண்ணாடி செய்வதில் பெயர் பெற்ற ஊர் அது. அங்குள்ள கோட்டை அருங்காட்சியகத்தில் ‘பேசும் கண்ணாடி’ என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள்.

இரண்டு அனுமானங்களும் வெளியானது 1980-களிலும் 1990-களிலும். சுற்றுலாவுக்கு நல்லது. ஆனால் இதுவரை பார்த்ததை வைத்து நீங்களே யோசிக்கலாம். சிற்றன்னை, கண்ணாடி, சுரங்கம், காடு எல்லாம் பழைய ஜெர்மனியில் எங்கே தேடினாலும் கிடைக்கும். காக்கா வடை கதையில் வந்த பாட்டி எங்கள் தெருவில்தான் கடை போட்டிருந்தாள் என்று ஒருவர் சொன்னால் எப்படி மறுப்பீர்கள்? தெருவுக்கொரு பாட்டி உண்டு. லோர் நகரத்துக் கண்ணாடியைக் காட்டி, ஸ்காட்லாந்துக் கிணற்று மீனை விளக்க முடியாது. மரியா சோஃபியா பிறப்பதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன், 1630-களில் அச்சான, இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துக் கதை ஒன்றில், ஏழு வயதுப் பெண் தலையில் சீப்பு தைத்துச் செத்தவள் போல விழுகிறாள். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பளிங்குப் பெட்டிகளில் அவளை வைக்கிறார்கள். பிற்பாடு பொறாமையில் அவளைப் படுத்தி எடுப்பது மாமன் மனைவி.

அதனால் ‘அசல்’ என்று எழுத வரும்போது அதற்குப் பதில் எதைச் சொல்ல வருகிறோமோ அதைச் சொல்லிவிடலாம். 1810 கையெழுத்துப் பிரதியில், 1812 பதிப்பில், 1819-க்குப் பிறகு, டிஸ்னி படத்தில். எந்த வடிவம் என்று சொன்ன உடனே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1812 பதிப்பு முழுவதும் 2014-ல் ஜாக் ஸைப்ஸ் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது. பொறுமை உள்ளவர்கள் அதையும் வழக்கமான கிரிம் தொகுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாம்.

போன மாதம் அக்கா மகள் மறுபடி வந்தாள். அந்த ராணி கதை வேண்டும் என்றாள். இந்த முறை வெள்ளிமரமும் பொன்மரமும் சொன்னேன். மீன் பேசியதற்குச் சிரித்தாள். அது சொந்த அம்மாவா என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள். கதவுக்கு வெளியே அம்மா நின்று, விரலை மட்டும் நீட்டு கண்ணு என்று கேட்கும் இடம் வந்தபோது, அவள் தன் சுண்டுவிரலை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்து மூடிக்கொண்டாள்.